சாந்தி முதுகுக்குப் பின்னால் காட்டிய விரல்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் இரும்புக் கடையில் காலை வியாபாரம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. கிணற்றுக்குக் கயிறு கேட்டு வந்த ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் குழுவின் கிட்டார்காரர் பிஜு. அவர் மலையாளி. என்னோடு தமிழில் பேச ஆரம்பித்து, பாதியில் மலையாளத்துக்குத் தாவி, தன்னைத்தானே திட்டிக்கொள்வது அவர் வழக்கம். அன்று அந்த முயற்சியே இல்லை. "சாந்தி போயி, அண்ணா" என்றார். சரி என்று சொல்லி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி அளக்கத் தொடங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் அளந்தேனோ தெரியாது. வந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் வீட்டில் ஒரே ஒரு கிணறுதான் இருக்கிறது என்றார். பார்த்தால் கயிறு என் முழங்கால் வரை குவிந்து கிடந்தது.

மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அவள் படம் வந்துவிட்டது. ஒரு பக்கம் எரியும் விளக்கு, மறுபக்கம் ரோஜாப்பூ, நடுவே ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த, கண் பாதி மூடிய போட்டோ. கீழே 'கானக்குயில் பறந்தது' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவள் குயிலும் இல்லை, பறக்கவும் இல்லை. தொண்டையில் கட்டி வந்து, கழுத்தில் துளை போட்டு, பேச்சு நின்று, படாத பாடு பட்டுச் செத்தாள். நம் மேடைக்காரர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, நான் எழுதாவிட்டால் குயிலைப் பற்றி இன்னும் நாலு பேர் எழுதிவிடுவார்களே என்ற பயத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளைத் தெரியாதவர்கள் கையிலும் இந்த மலர் போய்ச் சேரலாம் என்பதால் கொஞ்சம் முன்கதை. எங்களுடையது திருவனந்தபுரத்தில் ஒரு கானமேளா குழு. கோயில் உற்சவம், சர்ச் திருநாள், ஓணக் கொண்டாட்டம், எங்கே கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டு வாசிப்போம். அடுத்தவர் பாட்டை அடுத்தவரைப் போலவே பாடுவதுதான் தொழில். சொந்தப் பாட்டு என்று எங்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது, அதில் எங்களுக்கு வெட்கமும் கிடையாது. குழுவை நடத்துகிறவர் சுகுமாரன் சேட்டன். நான் கீபோர்டு. சாந்தி எங்கள் பெண் குரல். இந்த ஊரில் கூட்டத்தை எழுப்பி ஆட வைக்க மலையாளப் பாட்டு போதாது, வேகமான தமிழ்ப் பாட்டு வேண்டும். அந்தப் பாட்டுகள் எல்லாம் அவளுடையவை.

அவள் வந்ததே ஒரு விபத்து. எங்களிடம் அப்போது பாடிக்கொண்டிருந்த பெண், பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு உற்சவ நாளன்று வரமுடியாது என்று காலையில் சொல்லிவிட்டார். சேட்டன் என் கடைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எதிரே ஒரு துணிக்கடை. அங்கே சேலை மடித்துக்கொண்டே ஒரு பெண் பாடுவது தெருவைத் தாண்டிக் கேட்கும், மாதக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டேன். மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், பெயர் சாந்தி, மேடையே ஏறியதில்லை என்றாள். எந்தப் பாட்டு தெரியும் என்றதற்கு, எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். முதலாளியிடம் சொல்லிவிட்டு, கடைச் சீருடைச் சேலையோடு வேனில் ஏறிவிட்டாள். வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

இங்கே கூட்டத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் கல்லெறிய மாட்டார்கள், கூவுவார்கள். ஒருவன் வாயைக் குவித்து ஆரம்பிப்பான், மைதானம் முழுக்க ஏற்றுக் கூவும். நல்ல நல்ல பாடகர்கள் அந்தக் கூவலில் மைக்கை வைத்துவிட்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று முதல் பாட்டுக்கு அவளையும் கூவினார்கள். மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள். இவள் என் பக்கம் திரும்பி, "சாரமில்ல அண்ணே, அடுத்தத அடிங்க" என்றாள். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்லும் அந்த வார்த்தையை அவள் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டில், கூவலை ஆரம்பித்து வைத்த ஆளைக் கண்டுபிடித்து, அவனை மட்டுமே பார்த்துப் பாடினாள். ஆடவில்லை, சிரிக்கவில்லை, கல்லாக நின்று அவன் முகத்தைப் பார்த்துப் பாடினாள். அவன் கூட்டாளிகள் அவனைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். பாட்டு முடிவதற்குள் அவன் வெட்கப்பட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான், மற்றவர்கள் எழுந்து ஆடினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடுகிற கூட்டத்தை நீங்கள் மேடையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நாற்காலிக் கால்கள் எழும்பி எழும்பி இறங்கும். அதற்கு நடுவில் இவள் கண் வேறு எங்கோ இருக்கும். வேனில் திரும்பும்போது சொல்வாள், மூன்றாவது வரிசையில் மாம்பழக் கலர் சேலை பார்த்தீர்களா, நம்ம கடைச் சரக்கு, முந்தானையில் கறை இருந்ததால் தள்ளுபடியில் போனது என்று. பெண்கள் பக்கத்தில் யார் எந்தக் கடைச் சேலை கட்டியிருந்தார்கள் என்று முழுசாக ஒப்பிப்பாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அவள் கணவர் தங்கராஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டட வேலை செய்கிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நிகழ்ச்சி தவறாமல் பிளாஸ்கில் சுக்கு வெந்நீரோடு வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பார். ஆனால் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். அவர் பார்ப்பதெல்லாம் கூட்டத்தை. எவன் குடித்திருக்கிறான், எவன் மேடை ஏறப் பார்க்கிறான், எந்தப் பக்கம் தள்ளுமுள்ளு என்று கண் சுற்றிக்கொண்டே இருக்கும். மனைவி பாடுவதை ஒரு நாளாவது பார்த்திருக்கிறாரா என்று பிஜு கேலியாகக் கேட்டதற்கு, அவளைப் பார்க்கத்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, இவர்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்றார்.

இனி விரல்களுக்கு வருகிறேன். பாடகர் முன்னால் நிற்பார், கீபோர்டுகாரன் பின்னால் இருப்பான். கூட்டத்தின் இரைச்சலில் பேசினால் கேட்காது. அதனால் அடுத்த பாட்டை எந்தச் சுருதியில் தொடங்குவது என்பதை இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரலால் காட்டுவார்கள். கீழ்நோக்கி ஒரு விரல் என்றால் அரைக்கட்டை குறை. இரண்டு என்றால் ஒரு கட்டை. கையை மூடிக் காட்டினால், குறைக்காதே, பாட்டு வந்த ஒரிஜினல் சுருதியிலேயே வை. நான் கீபோர்டில் பொத்தானை அழுத்தி அதன்படி இறக்கிக்கொள்வேன். சளி பிடித்த நாளில் எல்லாப் பாடகர்களும் செய்வதுதான். சாந்தி விஷயத்தில் பல வருஷங்கள் நான் பார்த்ததெல்லாம் மூடிய கைதான். மற்றவர்கள் இறங்கிப் பாடும் இடத்தில் இவள் அப்படியே ஏறுவாள்.

போன உற்சவ சீசன் தொடங்கியதும் ஒரு நாள் ஒரு விரல் காட்டினாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. பத்து நாள் கழித்து இரண்டு விரல். மாசி பிறந்தபோது மூன்றாகிவிட்டது. பிஜுவும் கிட்டாரில் கையைக் கீழே நகர்த்திக்கொண்டார். அவ்வளவு இறக்கினால் பாட்டின் முகமே மாறிவிடும். முன்வரிசைப் பையன்களின் ஆட்டத்திலும் ஒரு தயக்கம் வந்தது, ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் கடைத்தெரு டீக்கடையில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். தொண்டையில் கட்டி. சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தால் குரல் மிஞ்சாது என்கிறார்கள். சித்திரையில் சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பைத்தியமா உனக்கு, பாட்டு பெரிசா உயிர் பெரிசா என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கத்தல் முடியும் வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பகல் பூரா எல்லாரும் சேலையத்தான் பாக்காவ அண்ணே. ராத்திரிதான் என்னயப் பாக்காவ. அதையும் குடுத்துட்டு நான் அந்தக் கடைக்குள்ள நின்னு என்ன செய்ய?"

இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

அந்த வாரமே தங்கராஜ் என் கடைக்கு வந்தார். ஆணி வாங்க வந்தவர் மாதிரி நின்று, மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார். வீட்டில் கெஞ்சிப் பார்த்தாயிற்று, திட்டிப் பார்த்தாயிற்று, சோறு தின்னாமல் இருந்தும் பார்த்தாயிற்று. ஒரே ஒரு வழிதான் பாக்கி இருக்கிறது, அது என் கையில் இருக்கிறது என்றார். "நீங்க சுருதியக் கொறைக்காதீங்கண்ணே. கொறைக்கலைன்னா அவளால பாட முடியாது. பாட முடியலைன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துருவா." ஒரு கிலோ ஆணியை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஆணியே தேவையில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படி ஒரு இக்கட்டில் கடவுள் யாரையும் நிறுத்தக் கூடாது. அவள் குறை என்கிறாள், அவர் குறைக்காதே என்கிறார், பொத்தான் என் விரலுக்குக் கீழே இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சி நேமத்துக்குப் பக்கம் ஒரு மைதானத்தில். மூன்று விரல் காட்டினாள். தங்கராஜ் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. ஒரிஜினல் சுருதியில் முன்னிசையைத் தொடங்கிவிட்டேன். முதல் சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மேலே போகவேண்டிய வரியையெல்லாம் கீழ் ஸ்தாயியில், பேசுவதுபோலப் பாடினாள். கூவினார்கள். மைதானமே கூவியது. ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம், நிறுத்தினால் நாற்காலி பறக்கும். ஆகவே அந்தக் கூவலுக்கு நடுவே கடைசி வரி வரை பாடினாள், கடைசி வரி வரை நான் வாசித்தேன். இறங்கி வந்ததும் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "நீங்க கீபோர்டு வாசிங்கண்ணே. டாக்டர் வேலைய டாக்டர் பாப்பாரு" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் காட்டியபடிதான் வைத்தேன். தங்கராஜ் என் கடைப் பக்கம் வரவில்லை. கடைசியில் அவளும் தங்கராஜும் நானுமாக ஒரு முடிவுக்கு வந்தோம். வித்துராவில் ஒரு கோயில் உற்சவத்தோடு எங்கள் சீசன் முடிகிறது. அது முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினோம், அவளும் செய்தாள். வித்துரா போனக்காட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். அவள் சொந்தக்காரர்கள் ஜீப் பிடித்து இறங்கி வந்து, பெண்கள் பக்கம் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அன்று கொஞ்சம் பவுடர் அதிகம் போட்டிருந்தாள்.

பாதி நிகழ்ச்சியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரர் எங்கோ சாப்பிடப் போயிருந்தார். இருட்டில் கூட்டம் முதலில் விசிலடித்தது, பிறகு கூவியது, பிறகு நாற்காலிகள் மோதும் சத்தம் கேட்டது. ஊரின் இரண்டு பகுதிப் பையன்களுக்குள் தொடங்கிய தள்ளு மேடைக் கால்கள் வரை வந்துவிட்டது. கமிட்டிச் செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்து, வெளிச்சம் வந்ததும் உடனே ஏதாவது போடுங்கள், இல்லையென்றால் இன்று ரத்தம் பார்க்காமல் இவர்கள் போக மாட்டார்கள் என்று கைகூப்பினார். எங்கள் ஆண் பாடகர் முன்னால் போக மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சம் வந்தபோது பார்த்தால் சாந்தி ஏற்கெனவே மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கீபோர்டுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய் வந்தால் இறக்கி வைத்ததெல்லாம் அழிந்து ஒரிஜினல் சுருதிக்கே போய்விடும். நான் மூன்று தடவை இறக்கப் பொத்தானில் விரலை வைத்தேன். அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. மூடியிருந்தது. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள். இறக்கிய சுருதியில் அந்தக் கூட்டம் அடங்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஸ்பீக்கர் பக்கம் பார்த்தேன். தங்கராஜுக்கு நாங்கள் செய்வது எதுவும் தெரியாது, முண்டியடிக்கும் கூட்டத்துக்கு எதிரே கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

பாடினாள், அம்மாடி! பழைய சாந்தி. சரணத்தில் ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள், நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். கழுத்து நரம்பு பின்னாலிருந்தே தெரிந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள். நாற்காலிகள் தலைக்கு மேலே போயின, ஆனால் ஆட்டத்துக்கு. பிஜு வாசித்துக்கொண்டே அழுததை நான் பார்த்தேன். முடிந்ததும் மைதானம் முழுக்க ஒரே குரலில் 'வன்ஸ்மோர்' என்று கத்தியது. நீங்கள் மேடைக்காரர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் வன்ஸ்மோர் கேட்டுவிட்டால் அதே பாட்டை உடனே திரும்பப் பாடியாக வேண்டும். இங்கே அது மரியாதை, அது கட்டளையும்கூட. நான் பாவி, பொத்தானை அழுத்தப் போனேன். மறுபடியும் அந்தக் கை. மறுபடியும் மூடித்தான் இருந்தது.

இரண்டாவது தடவை, அதே சரணத்தில், அதே ஏற்றத்தில் குரல் கிழிந்தது. காதில் விழுந்ததை எப்படிச் சொல்ல, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் காற்று மட்டும். அவள் வாய் பாடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் முன்னால் வன்ஸ்மோர் கேட்ட அதே கூட்டம், அதே வாய்கள், கூவின. சட்டப்படி நாங்கள் கடைசி வரை வாசித்தோம். ஆண் பாடகர் ஓடி வந்து மீதியைப் பாடி முடித்தார். பின்னால் போய்ப் பார்த்தபோது ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தங்கராஜ் பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியாமல் திருப்பித் திருப்பி முயன்றுகொண்டிருந்தார். உதட்டை மட்டும் அசைத்து என்னிடம் ஏதோ சொன்னாள். சாரமில்ல என்றாள்.

மறுநாள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஆபரேஷன் முடிந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், தங்கராஜ் போதும் சார் என்று கைகாட்டிவிட்டார். கட்டி வேறு இடங்களுக்கும் போயிருந்தது. வார்டுக்கு நான் முதல் தடவை போனபோது கழுத்தில் துளையும் குழாயுமாகக் கிடந்தாள். எழுதிக் காட்ட மாட்டேன் என்று பிடிவாதம். வலி எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். நான் போய் உட்கார்ந்து, எப்படி இருக்கே என்று கேட்டேன். இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துக் கீழ்நோக்கி மூன்று விரல் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு அதுதான் எங்கள் பேச்சு. கடை அடைத்ததும் போவேன். தங்கராஜ் வாசலிலேயே காத்திருந்து, வாங்கண்ணே, என்ன சொல்லுறான்னு பாத்துச் சொல்லுங்க என்பார். நாலு விரல் என்றால் இன்று ரொம்ப மோசம். இரண்டு என்றால் தாங்கலாம். ஐந்தும் காட்டிய நாட்கள் உண்டு, அன்று நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வோம். ஒரே ஒரு தடவை ஒரு விரல் காட்டினாள், அன்று தங்கராஜ் பக்கத்துக் கட்டில்காரரிடம் போய் இவளுக்கு அரைக்கட்டைதான் பாக்கி என்று பெருமையடித்துக்கொண்டார். அவருக்குச் சுருதியும் தெரியாது, கட்டையும் தெரியாது. நான் சொன்னதைத்தான் அவர் நம்பினார்.

கடைசி மாலை. நான் போனபோது முகம் தெளிவாக இருந்தது, கண் நன்றாகத் திறந்திருந்தது. வழக்கம்போலக் கேட்டேன். கை வெளியே வந்தது. விரல் எதுவும் நீளவில்லை. மூடிய கை. "என்ன சொல்லுறா?" என்றார் தங்கராஜ். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றும் குறையவில்லையாம், ஒரிஜினலுக்கு வந்துவிட்டாளாம், நல்லா இருக்காளாம் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கீழே போய் டீ வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தார், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரை எழுப்பிக்கூடக் கொடுத்தார். சாந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது ஒரு தடவை அந்தக் கையை ஆட்டினாள். நான் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து நானும் கையாட்டிவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி பஸ் ஏறினேன். மறுநாள் காலையில்தான் கயிறு அளந்துகொண்டிருந்தபோது பிஜு கூப்பிட்டது.

மின்மயானத்தில் நல்ல கூட்டம். எல்லாக் குழுக்காரர்களும் வந்திருந்தார்கள், துணிக்கடைப் பெண்கள் ஒரே சீருடைச் சேலையில் நின்றார்கள். தங்கராஜ் அவளுக்கு முதுகைக் காட்டி, எங்கள் எல்லாரையும் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யாரோ அவரைத் திருப்பி, கடைசியாக முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பினார், பார்த்தார், பழையபடி எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கைக்கு நல்லாருக்கேன்னுதானேண்ணே அர்த்தம்?"

ஆமாம் என்றேன்.

எங்கள் குழுவில் இப்போது வேறொரு பெண் பாடுகிறாள். நல்ல குரல், எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என் கண் அவள் முதுகுக்குப் பின்னால்தான் போகிறது. சாந்தியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்த மூடிய கைதான். வித்துராவில் இரண்டு தடவை அதைப் பார்த்தவன் நான். குரல் கிழியும் என்று தெரிந்தேதான் அதைக் காட்டினாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை ஒருநாளும் நலமாக இருக்கிறேன் என்று சொன்னதில்லை. குறைக்காதே, நான் போகிறேன் என்றுதான் சொன்னது. கட்டிலில் படுத்து அதையே அவள் காட்டியபோது, அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்க வேண்டிய மனிதரை, நல்லா இருக்காள் என்று சொல்லி, நான் டீ வாங்க அனுப்பிவிட்டேன்.

தங்கராஜுக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலர் வந்ததும் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார், நிச்சயம் சொல்வார். வாசித்துக் காட்டுகிறவர் உங்களில் ஒருவராகத்தான் இருப்பார். நான் ஆமாம் என்று சொன்ன இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அவரைப் பொறுத்தவரை அன்று மாலை அவள் நன்றாக இருந்தாள்.